என் பெயர் ரங்கநாதன் இல்லை

எனக்குக் கோபம் அதிகம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்தி இதழில் அனுபவம் எழுதுகிற அடியார்கள் எல்லாரும் கண்ணீர் மல்கப் பெருமாளை வேண்டியதாக எழுதுகிறார்கள். நான் அவரைத் திட்டினேன். அதையும் அவர் கேட்டுக்கொண்டார். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

என் பெயர் வசந்தன். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் பக்கம் ஒரு வாடகை வீட்டில் வளர்ந்தேன். ரங்கநாதன் என்பது என் அப்பாவின் பெயர். நான் பிளஸ் டூ படிக்கும்போது அவர் எங்களை விட்டுவிட்டு எடமலைப்பட்டி புதூரில் இன்னொரு குடும்பத்தோடு போய்ச் சேர்ந்துகொண்டார். வேறு ஊர் கூட இல்லை. பஸ் ஏறினால் போய்விடலாம். அவர் ஒரு நாளும் பஸ் ஏறி வரவில்லை. அம்மா தில்லை நகரில் ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் வேலைக்குப் போய் என்னைப் படிக்க வைத்தார்.

அப்பா எங்களோடு இருந்தவரை அம்மா அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. சாமி கும்பிடும்போதுகூட ‘பெரிய பெருமாளே’ என்றுதான் கும்பிடுவார். அவர் போன பிறகு, விளக்கேற்றும்போது வாய் நிறைய ‘ரங்கநாதா’ என்று கூப்பிட ஆரம்பித்தார். எனக்கோ அந்தப் பெயரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். ஊரெல்லாம் அதே பெயர். கடைப் பலகையில், பஸ் கண்ணாடியில், பாட்டுகளில். கோவிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டேன்.

எங்கள் பள்ளியில் பையன்கள் ஒருவரை ஒருவர் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். எனக்கு இரண்டு உயிர் நண்பர்கள். பாலக்கரை இர்பானை ‘ஜமால்’ என்போம், காட்டூர் செல்வத்தைக் ‘கோவிந்தராஜு’ என்போம். நான் அவர்களுக்கு ‘ரங்கநாதன்’. அப்பா போன அதே வாரம், சைக்கிள் ஸ்டாண்டில் வைத்து, “டேய் ரங்கநாதா, நில்லுடா” என்று இர்பான் பின்னாலிருந்து கத்தினான். திரும்பி ஒரே குத்து. அவன் முன்பல் பாதி உடைந்துவிட்டது. விலக்க வந்த செல்வத்துக்கும் விழுந்தது. அதோடு சரி. ஆறு வருடம் இருவரோடும் ஒரு பேச்சும் இல்லை.

பிறகு மேல்படிப்புக்காகப் போலந்து போனேன். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? எல்லாரையும் போல அப்பா பெயரைப் போட்டுத் தொலைத்திருந்தேன். அதன் பலன், அந்த ஊரில் பேராசிரியர் முதல் நூலகர் வரை என்னை ‘மிஸ்டர் ரங்கநாதன்’ என்றுதான் கூப்பிட்டார்கள். கடல் தாண்டி வந்தும் அந்த ஆள் என்னை விடவில்லையே என்று பல்லைக் கடித்துக்கொள்வேன்.

போன மாசி மாதம் விடுமுறையில் வியன்னாவைப் பார்க்கத் தனியாகப் பஸ் ஏறினேன். வழியில் செக் நாட்டுக்குள் நுழைந்ததும் வயிற்றில் வலது பக்கம் வலி. நிமிர முடியவில்லை. டிரைவர் என்னைப் பார்த்துப் பயந்து, அடுத்த ஊரில் ஆஸ்பத்திரி வாசலிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார். மதியம் இரண்டு மணி இருக்கும். போனில் சார்ஜ் இல்லை. கவுண்டரில் பாஸ்போர்ட்டை வாங்கிப் பதிந்துகொண்டு, உட்காரும்படி கையைக் காட்டினார்கள். ஆங்கிலம் அங்கே யாருக்கும் சரியாக வரவில்லை. காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டது.

அப்போதுதான் திட்டினேன். பெயரைச் சொல்லாமல்தான் திட்டினேன். “படுத்தது போதும், எழுந்திரு. எங்க அம்மா தினமும் உனக்கு விளக்கேத்துறாங்க. இங்கே நான் செத்தா அவங்களுக்கு யார் போய்ச் சொல்வா? என்னைத் தெரிஞ்ச ஒரு ஆளை அனுப்பு. முடியலைன்னா முடியலைன்னு சொல்லிடு.”

சற்று நேரத்தில் உள்ளிருந்து ஒரு நர்ஸ் வந்து ‘ரங்கனாட்டான்’ என்று கூப்பிட்டார். காய்ச்சல் மயக்கத்தில் எனக்கு என் அப்பாவைக் கூப்பிடுவதாகவே பட்டது. அந்த ஆள் இங்கே எதற்கு வந்தார் என்று ஆத்திரம் வந்தது. எழுந்திருக்கவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டார். அப்போதும் எழவில்லை. நர்ஸ் உள்ளே திரும்பப் போனார்.

“டேய் ரங்கநாதா!”

தமிழில், பாலக்கரைத் தொண்டையில். நிமிர்ந்து பார்த்தேன். ஹாலின் மறுகோடியில், உடைந்த பல் தெரிய இர்பான் நின்றுகொண்டிருந்தான். அந்த ஊரில்தான் படிக்கிறானாம். லேபில் கையைச் சுட்டுக்கொண்ட ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு வந்தவன், நம் ஊர்ப் பெயராகக் கேட்கிறதே என்று திரும்பிப் பார்த்திருக்கிறான்.

“அந்தப் பேரைச் சொல்லாதடா” என்றேன். ஆறு வருடத்துக்குப் பிறகு நான் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“உதை வாங்குவ. எந்திரி, உன்னைத்தான் கூப்பிடுறாங்க” என்று என்னைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தான். அந்த ஊர்ப் பாஷையில் நர்ஸிடம் என்னவோ சண்டை போட்டான். ஒரு மணி நேரத்தில் ஆபரேஷன். குடல்வால் வெடிக்கும் நிலையில் இருந்ததாம். இன்னும் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர்.

மறுநாள் காலை வியன்னாவிலிருந்து செல்வம் ரயிலில் வந்து இறங்கினான். அவன் இப்போது அங்கேதான் இருக்கிறானாம்; இர்பான்தான் தகவல் சொல்லியிருக்கிறான். கட்டில் பக்கத்தில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

“இப்பவாவது சொல்லு. எதுக்குடா என்னை அடிச்ச?” என்று இர்பான் கேட்டான்.

“அந்த வாரம்தான் எங்கப்பா வீட்டை விட்டுப் போனாரு.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “எங்ககிட்ட சொன்னியா?” என்றான் செல்வம்.

“இல்ல.”

“அப்பறம் எங்களுக்கு எப்படிடா தெரியும்?”

நான் மறைத்த ஒன்றைத் தெரிந்துகொள்ளவில்லை என்பதற்காக ஆறு வருடம் அவர்கள் மேல் கோபமாக இருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அழுதேன். தையல் வலித்தது.

அப்பா மேல் கோபம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். போகவில்லை. ஆனால் அந்தப் பெயரை இப்போது என்னால் சொல்ல முடிகிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டுத்தான் என் நண்பன் என்னைப் பிழைக்க வைத்தான். கஷ்டத்தில் இருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், வாய்விட்டுக் கேளுங்கள். பணிவாகக் கேட்க வரவில்லையென்றால் கோபமாகவே கேளுங்கள். அவர் தாங்கிக்கொள்வார். ஆனால் யாரை அனுப்ப வேண்டும் என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள்.

ஆடி மாதம் மூவரும் ஊருக்கு வந்தோம். சேர்ந்தே கோவிலுக்குப் போனோம். ஒரு வாசலுக்கு மேல் இந்துக்கள் மட்டும்தான் போகலாம். “நீங்க போயிட்டு வாங்கடா, நான் இருக்கேன்” என்று இர்பான் எங்கள் போன்களைக் கையில் வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டான்.

சன்னதியில் நின்று, எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு, ரங்கநாதா என்றேன். நன்றி சொன்னேன். பிறகு கேட்டேன். நான் கூப்பிட்டபோது நீ அனுப்பிய ஆள் வெளியே நிற்கிறான், அவனை ஏன் நிற்க வைத்திருக்கிறாய்? இன்னும் பதில் வரவில்லை. ஒவ்வொரு முறை போகும்போதும் கேட்கத்தான் போகிறேன்.