வலியுல்லா வெட்டிய இரண்டு நிமிடம்

மந்தைவெளி வலியுல்லாவுக்கு ஐம்பத்தொரு வயது. இருபத்தாறு வருடமாக சினிமாவில் எடிட்டர். படத்தில் ஒன்றும் நடக்காத இடத்தை எங்கள் தொழிலில் 'லேக்' என்போம். அதைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. பக்கத்து அறையில் ஒலி சேர்க்கும் எனக்கு அந்த வேகத்தின் மேல் கொஞ்சம் பொறாமையும் உண்டு.

போன மாதம் இன்ஸ்பெக்டர் சண்முகவேல் ஒரு பென் டிரைவோடு வந்தார். தி.நகர் தையல் கடை ஒன்றில் மேசை மேலிருந்த செல்போன் காணவில்லை. வீடு வீடாக மீன் கொடுக்கும் ஜான்சன் மேல் சந்தேகம். வாசலில் ஒரு கேமரா, உள்ளே ஒன்று.

"ரெண்டையும் சேத்து, புரியிற மாதிரி போட்டுக் குடுங்க பாய்."

பத்தே நிமிடத்தில் முடித்தார். ஜான்சன் படியேறுகிறான், மேசைப் பக்கம் குனிகிறான், மீன் பையோடு விறுவிறுவென்று இறங்குகிறான்.

"இவன்தான்" என்றேன். சொன்னது நான்தான், வெட்கமாக இருக்கிறது. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்பார்கள். காதை வைத்துப் பிழைக்கிற எனக்கு அதன் முதல் பாதி மட்டும்தான் பிடிக்கும். அன்று அதையும் மறந்தேன்.

மறுநாள் ஜான்சனை ஸ்டேஷனில் உட்கார வைத்திருப்பதாகத் தகவல் வந்தது. வலியுல்லாவின் டீ ஆறிக் கிடந்தது.

"இன்னா பாய்?"

"நெஜம் இவ்ளோ நீட்டா இருக்காதுப்பா. எதையோ தூக்கிட்டேன்."

வெட்டாத பதிவை ஓட்டினார். ஜான்சன் வாசலுக்கு வரும்போதே உள்ளே மேசை காலி. போன் அதற்கு முன்பே போயிருக்கிறது. அவன் வாசலோரம் நின்று, உள்ளே பார்த்து இரண்டு நிமிடம் கூப்பிடுகிறான். யாரும் வரவில்லை. மேசையருகே போய்க் குனிந்து எட்டிப் பார்க்கிறான், திரும்பிவிடுகிறான். அந்த இரண்டு நிமிடத்தை லேக் என்று இவர் வெட்டியிருந்தார்; காலி மேசையும் அதோடு போய்விட்டது. விட்டுப்போனதை, பார்க்கிறவர் கண் தானே நிரப்பிக்கொள்ளும். அதை நம்பித்தான் எங்கள் பிழைப்பு நடக்கிறது. ஒருவன் ஜெயிலுக்குப் போகிற விஷயத்திலும் அது அப்படியே வேலை செய்யும் என்று எங்களுக்குத் தோன்றவேயில்லை.

இருவரும் ஸ்டேஷனுக்கு ஓடினோம். சண்முகவேல் முழுவதையும் இரண்டு முறை பார்த்தார். ஜான்சனை அனுப்பிவிட்டார்.

வாசலில் வலியுல்லா அவன் கையைப் பிடித்தார். "மன்னிச்சிடுப்பா. அத்த வெட்னது நான்தான்."

ஜான்சன் கையை உருவிக்கொண்டான்.

"நல்லாத்தான் வெட்டிக்கீறீங்க பாய். காலைல ஆஷாவுக்குப் போட்டுக் காட்னாங்க. பதினாலு வருசமா என்கூட குடும்பம் நடத்துறவ. அவளே கேட்டுட்டா, 'ஏன்யா எடுத்த'ன்னு."