முந்திக்கொண்ட பச்சை விளக்கு

வாக்கி டாக்கி செய்யும் கம்பெனியில் அவள் இன்ஜினியர். பேசுவதற்குப் பொத்தானை அழுத்தியதும் கருவி தன் அலைவரிசையைத் தேடிப் பிடித்து, அதில் ஆடாமல் நிற்க வேண்டும். நின்ற பிறகுதான் பச்சை விளக்கு எரிய வேண்டும். சீக்கிரம் பிடிக்க வைத்தால் ஆடியது. ஆடாமல் பிடிக்க வைத்தால் தாமதமானது. மேனேஜரோ கழுத்தை நெரித்தார். கடைசியில் அவள் அலைவரிசையை அப்படியே விட்டுவிட்டு, விளக்கை மட்டும் கொஞ்சம் முன்னதாக எரிய வைத்தாள். கண் சிமிட்டும் நேரம்தானே, யாருக்குத் தெரியப்போகிறது? சோதனையில் விளக்கு எரியும் நேரத்தைத்தான் பார்த்தார்கள்; எல்லாக் கருவிகளும் தேறின. எல்லோரும் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள்.

அவள் தம்பி வேலை செய்யும் கட்டடத்துக்கும் அந்தக் கருவிகளைத்தான் வாங்கினார்கள். கீழே நின்றபடி மேலே இருக்கும் கிரேன் டிரைவருக்கு வழி சொல்வது அவன் வேலை.

சில மாதங்களில் வீட்டில் அவன் பேச்சே மாறிவிட்டது.

"தண்ணி, தண்ணி குடும்மா."

"ஏண்டா, எனக்கென்ன காது செவிடா?" என்று அம்மா சிரித்தாள்.

"பழகிப்போச்சும்மா. வாக்கி டாக்கி முதல் வார்த்தைய முழுங்கிடுது. 'நிறுத்து'ன்னு ஒரு தடவ சொன்னா மேல கேக்காது." அக்காவின் பக்கம் திரும்பினான். "அக்கா, அக்கா, நான் பச்ச லைட்டு வந்தப்புறம்தான் பேசறேன். அப்புறமும் ஏன் அப்படி?"

அவள் தட்டைவிட்டுத் தலை நிமிரவில்லை.

"நீதான் அவசரப்படறியோ என்னவோ."

அவன் கொஞ்சம் யோசித்தான்.

"இருக்கும், இருக்கும்" என்றான்.