பேனாக் கோடுகள்

காலை பத்து ஐந்துக்குப் பீங்கான் பட்டறை இயந்திரத்தில் என் மகனின் முன்கை நசுங்கியது. மூன்று மாதமாகியும் விரல்களில் உணர்வில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்கள் பக்கத்தில் இருந்த ஒல்லியான மனிதர், தழும்பேறிய தன் கையைத் தட்டித் தட்டிப் பார்த்தபடியே இருந்தார். அதில் வரிசையாகப் பேனாக் கோடுகள்.

"தட்டுனா எதுவரைக்கும் சுருக்குங்குதோ, அதுவரைக்கும் நரம்பு வளந்துடுச்சும்மா. அந்த எடத்துலதான் ஒவ்வொரு தடவையும் கோடு போடறது. தம்பிக்கு எப்பிடி?"

"மாத்திரை போடறான். வலியே இல்லீங்க," என்றேன் பெருமையாக.

"மாத்திரை வலியத்தாம்மா அடக்கும். நரம்ப வளக்காது."

அதுதான் நரம்பை வளர்க்கிறது என்று இத்தனை நாளும் நம்பியிருந்தேன்.

டாக்டர் வந்தார். காயத்துக்குக் கீழே நாலு விரல் தள்ளித் தட்டினார். மகன் அலறித் துள்ளினான். நான் பதறி எழுந்தேன்.

"நரம்பு இதுவரைக்கும் வந்திருக்குதும்மா. பேனா இருக்குதா?" என்றார் டாக்டர்.

அந்த மனிதர் அதற்குள் தன்னுடையதை நீட்டியிருந்தார்.