வீரணன் காவலில் இருந்த கோழி

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கிருஷ்ணன்கோவில் போகும் சாலையோரம், புதிதாக மனை பிரித்த இடத்தில் வீரணன் வீடு கட்டியிருந்தார். காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். வேலையில் இருந்தவரை டீக்கடையில் அவர் உட்காருவதற்கு முன்னால் டீ வந்துவிடும். ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் அதே கடையில் "என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டார்கள். அன்றோடு வெளியில் டீ குடிப்பதை நிறுத்திவிட்டார். வீட்டிலேயே இருந்தவர், மிளகாய்த்தூள் டப்பா ஏன் மேல்தட்டில் இருக்கிறது, யார் வைத்தது, எப்போது வைத்தது என்று சமையலறைக்குள் வந்து விசாரிக்க ஆரம்பித்தார்.

அவர் மனைவி வெங்கடேஸ்வரி கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு கான்சாபுரத்திலுள்ள தங்கை வீட்டுக்குப் போய் நாலைந்து பெட்டைக் கோழிகளையும் ஒரு சேவலையும் வாங்கிக்கொண்டு வந்து கொல்லையில் விட்டாள். "அவியளுக்கு விசாரிக்க யாராவது வேணும்ல. நம்மளால ஏலாது" என்று தங்கையிடம் சொல்லியிருந்தாள்.

திட்டம் பலித்தது. சமையலறைப் பக்கம் அவர் வருவது நின்றது. பழைய காக்கிக் கால்சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு காலையில் கூட்டைத் திறந்து, வெளியே வரும் கோழிகளை ஒவ்வொன்றாக எண்ணினார். செருப்பில் சேறு ஒட்டக் கூடாது என்று கொல்லை முழுவதும் ஏற்கெனவே சிமெண்ட் தளம் போட்டிருந்தார். கொழுத்த கோழி முட்டையிடாது என்று போனில் ஒரு வீடியோ சொன்னதை நம்பி, காலையில் ஒரு கை ரேஷன் அரிசி, சாயங்காலம் ஒரு கை என்று முறை வைத்தார். வெங்கடேஸ்வரி முருங்கைக் கீரைக் காம்பை வீசப் போனால் தடுத்தார்.

"கண்டதையும் போட்டுக் கெடுக்காதட்டி. டிசிப்ளின் போயிரும்."

"பசிச்ச வாய்க்கு என்னங்க டிசிப்ளினு?" என்றபடி அவள் காம்பைக் குப்பைக் கூடையில் போட்டாள்.

கொஞ்ச காலம் முட்டைகள் ஒழுங்காகக் கிடைத்தன. பிறகு ஒருநாள் காலையில் முட்டையிடும் கூடையில் ஈர வைக்கோலும் ஓட்டுத் துண்டுகளும்தான் கிடந்தன. மறுநாளும் அப்படியே. வீரணன் குத்தவைத்து உட்கார்ந்து கூடையைச் சுற்றிலும் பார்த்தார். கீரிப்பிள்ளை வந்த தடம் இல்லை. பெருச்சாளிக்கு வழியில்லை. எழுந்து நின்று தீர்ப்பு மாதிரிச் சொன்னார்: "உள்ளாளு வேலை."

கூட்டத்தில் ஒரு கழுத்தறுத்தான் கோழி இருந்தது. கழுத்தில் இறகே இல்லாமல் சிவந்த தோலோடு திரிகிற இனம். பார்வைக்கு லட்சணமாக இருக்காது. வீரணனின் விரல் நேராக அதன்மேல் போய் நின்றது.

"மூஞ்சியப் பாத்தாலே தெரியலையாட்டி? திருட்டு முழி."

"எல்லாக் கோழிக்கும் அதே முழிதான இருக்கு."

"ஒனக்கு என்ன தெரியும்? சர்வீஸ் பூரா இந்த மாதிரி மூஞ்சியத்தான பிடிச்சுட்டு வந்திருக்கேன்."

பிடித்துப் பார்த்ததில் அதன் அலகில் மஞ்சள் கரு ஒட்டியிருந்தது. மற்ற கோழிகளின் அலகை அவர் பார்க்கவில்லை. ஆள் கிடைத்த பிறகு தேடுவது அவர் பழக்கத்தில் இல்லை. கழுத்தறுத்தானை மூங்கில் பஞ்சாரத்துக்குள் போட்டுக் கவிழ்த்து, மேலே ஒரு கல்லையும் தூக்கி வைத்தார். கீழே பழைய சணல் சாக்கு விரித்திருந்தது. விசாரணை முடிகிறவரை அரிசியும் பாதிதான்.

மறுநாள் காலையில் கூடையில் மறுபடியும் ஓட்டுத் துண்டுகள் கிடந்தன.

வேறு யாராவது இருந்தால் கல்லை எடுத்திருப்பார்கள். வீரணன், "கூட்டாளி இருக்கு" என்றார். கறுப்புக் கோழி ஒன்று இன்னொரு பஞ்சாரத்துக்குள் போனது. அதற்கு மறுநாளும் முட்டை போயிற்று. பக்கத்து வீட்டுப் பாண்டிசெல்வி துணி காயப்போட்டுக்கொண்டே சுவருக்கு மேல் எட்டிப் பார்த்துச் சொன்னாள்:

"சார், எதுக்கும் அந்தச் சேவலையும் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுருங்க."

வீரணன் சிரிக்கவில்லை. திரும்பிச் சேவலைப் பார்த்தார்.

அதற்குள் கழுத்தறுத்தானுக்கு உடம்பு முடியாமல் போய்விட்டது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஓரமாக ஒடுங்கியது. மார்புக்கு மேலே பந்து மாதிரி வீங்கியிருந்தது. தண்ணீர் வைத்தாலும் தலையைத் திருப்பிக்கொண்டது.

"ஏங்க, இது போயிரும் போலருக்கே" என்றாள் வெங்கடேஸ்வரி.

வீரணனின் முகம் வெளுத்துவிட்டது. அவர் பயந்தது மந்திரிக்கும் இல்லை, ரவுடிக்கும் இல்லை. உள்ளே வைத்த ஆள் கண்ணைச் சொருகிவிடக் கூடாது என்ற ஒன்றுக்குத்தான் பணிக்காலம் முழுவதும் பயந்தார். இறகுள்ள உயிர் என்றாலும் பயம் அதே பயம்தான்.

"கட்டைப்பைய எடுட்டி! சீக்கிரம்! இங்க வச்சு எதுவும் ஆயிரக் கூடாது!"

ஸ்கூட்டரில் வெங்கடேஸ்வரி பின்னால் உட்கார்ந்து பையை மடியில் பிடித்துக்கொண்டாள். கால்நடை மருத்துவமனையில் அனுசியா என்ற இளம் டாக்டர் கோழியைக் கையில் வாங்கி, வீங்கிய இடத்தைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"என்ன ஆச்சு சார்?"

"வழுக்கி விழுந்திருச்சும்மா."

யோசித்துச் சொன்ன பதில் இல்லை அது. வாய் தானாகச் சொன்னது. டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"கோழியா?"

"சிமெண்ட் தரை பாருங்க... ஈரம்..."

வெங்கடேஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரிலிருந்த தடுப்பூசி விளம்பரத்தைப் படிக்க ஆரம்பித்தாள்.

"இரைப்பை அடைச்சிருக்கு. உள்ள நார் நாரா தட்டுப்படுது. பசியில சாக்கப் பிச்சுத் தின்னிருக்கும். தனியா அடைச்சு வச்சிருந்தீங்களா?"

"அடைக்கலம்மா. பாதுகாப்பா வச்சிருந்தோம்."

இதற்கு மேல் பொறுக்க முடியாமல் வெங்கடேஸ்வரி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். டாக்டர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"முட்டை ஓடு எப்படி இருந்துச்சும்மா?"

"தொட்டா நொறுங்கும் டாக்டர். காயிதம் மாதிரி."

"வெறும் அரிசிய மட்டும் போட்டா அப்படித்தான். சுண்ணாம்புச் சத்து இல்ல, கீரை இல்ல, கிளற மண்ணும் இல்ல. ஓடு தானா உடையும். ஒண்ணு கொத்தும், ருசி கண்ட பொறவு எல்லாமே கொத்தும். இதுல திருடன்னு யாரும் கிடையாது சார். அதுகளப் பட்டினி போட்டவங்க..." என்று தொடங்கியவர், காக்கிக் கால்சட்டையைப் பார்த்துவிட்டு மருந்தை எடுக்கத் திரும்பினார்.

சில சொட்டு எண்ணெயை வாயில் விட்டு, வீங்கிய பையைக் கீழிருந்து மேலாக நீவிக் காட்டினார். நாளை வரைக்கும் தண்ணீர் மட்டும்தான். இளகாவிட்டால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் வீரணன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கோழியை மடியில் வைத்துக்கொண்டார். அழுத்துவது அந்தக் கைகளுக்குப் புதிதில்லை. மெதுவாக அழுத்துவதற்குத்தான் பழக வேண்டியிருந்தது. முதல் தடவை கோழி அலறியது. விரலைத் தளர்த்திக்கொண்டார். மறுநாள் மத்தியானம்வரை நீவினார். பந்து மெல்ல இளகியது. சாயங்காலம் கோழி அவர் காக்கியின் மேலேயே எச்சமிட்டது.

"ஏட்டி! போயிருச்சு! போயிருச்சு!"

பாண்டிசெல்வி ஈரக் கையோடு ஓடி வந்தாள். "ஐயையோ, யாரு போனா?"

"வெளிக்குப் போயிருச்சும்மா!" என்றார் வீரணன். பதவி உயர்வு கிடைத்தபோதுகூட அவர் முகம் இவ்வளவு மலர்ந்ததில்லை.

பிறகு ராஜபாளையத்துத் தீவனக் கடையில் கிளிஞ்சல் தூள் வாங்கி வந்தார். கொத்தனாரை அழைத்துக் கொல்லையில் ஒரு மூலைச் சிமெண்டைப் பெயர்த்தார். கீரைக்காம்புக்கு இருந்த தடையும் நீங்கியது. ஓடு கெட்டிப்பட்டது. கொத்துவதும் மெல்ல மெல்ல நின்றது. கறுப்புக் கோழியைத் திறந்துவிட்டார். வழக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

உடம்பு தேறும்வரை மறுபடியும் பஞ்சாரத்தில் வைத்திருந்த கழுத்தறுத்தான் மட்டும் வெளியே வர மறுத்தது. பஞ்சாரத்தைத் தூக்கினார். நகரவில்லை. பஞ்சாரத்தை எடுத்துக்கொண்டுபோய் மாடியில் வைத்தார். அது இருந்த இடத்தில் தரையில் பதிந்திருந்த வட்டத்துக்குள்ளேயே கோழி உட்கார்ந்திருந்தது. தூக்கி வெளியே விட்டால் திரும்பி வந்து வட்டத்துக்குள் ஒடுங்கிக்கொண்டது.

"வா தாயி. ஒண்ணும் செய்ய மாட்டேன். வெளிய வா."

வெங்கடேஸ்வரி வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்தக் குரல்ல இதுவரைக்கும் யார்கிட்டயாவது பேசியிருக்கீங்களா?"

அவள் ஒரு பிடி முட்டைக்கோஸ் இலையைப் பெயர்த்த மண்ணில் தூவினாள். கோழி கழுத்தை நீட்டியது. அவரை ஒரு பார்வை பார்த்தது. அவருக்கு எட்டாத தூரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி ஓடிப்போய் இலையைக் கொத்தியது.

அன்றிலிருந்து எல்லா இடத்துக்கும் போகிறது. அவர் நாற்காலிப் பக்கம் மட்டும் வருவதில்லை. ஒருநாள், அவரோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற மொக்கைச்சாமி வந்திருந்தார்.

"என்னண்ணே, இந்தக் கோழி ஒங்களக் கண்டா இந்த ஓட்டம் ஓடுது?"

"அது மானஸ்திப்பா. யாரையும் கிட்ட அண்ட விடாது" என்றார் வீரணன், தான் பெற்ற பிள்ளையைச் சொல்வது போல.

டீ கொண்டுவந்த வெங்கடேஸ்வரி டம்ளரைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள். கோழி தலையைச் சாய்த்து இரண்டு பேரையும் பார்த்தது. பிறகு அவள் சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது.