கீழே பார்த்தால் சரியும் லென்ஸ்

எங்கள் வீட்டில் என்னைவிடச் செல்லமாக வளர்ந்தது அப்பாவின் ஜூம் லென்ஸ்தான். கொடைக்கானல் ஈரத்தில் கண்ணாடிக்குள் நூல் நூலாகப் பூஞ்சை படர்ந்துவிடும் என்று, அதற்கு அரிசி டப்பாவுக்குள் துணி சுற்றித் தனிப் படுக்கை. வெயில் எட்டிப் பார்க்கும் காலைகளில் அதைச் சன்னலோரம் வைத்துக் காய வைப்பார். எனக்கு அந்த உபசாரமெல்லாம் கிடையாது.

ஊரைக் காலி செய்து போன ஒரு வெள்ளைக்கார வாத்தியாரிடம் அதை வாங்கியிருந்தார். பள்ளத்தை ஒட்டிப் போகும் கோக்கர்ஸ் வாக் நடைபாதையில் சுற்றுலா வருகிறவர்களைப் படம் பிடிப்பது அப்பாவின் தொழில். லென்ஸின் வளையத்தைத் தன் பக்கம் இழுத்தால் தூரத்தில் இருப்பது கிட்டே வரும், முன்னால் தள்ளினால் விலகிப் போகும். பழைய சாமான் இல்லையா, பள்ளத்தைப் பார்க்கக் கவிழ்த்தால் வளையம் தானாகவே முன்னால் சரிந்துவிடும். சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர் பட்டையை மாட்டி அதை இறுக்கி வைத்திருந்தார்.

நான் ஐந்தாவது படிக்கும்போது அம்மா அப்பாவிடம் கோபித்துக்கொண்டு மலைக்குக் கீழே பெரியகுளத்தில் மாமா வீட்டுக்குப் போய்விட்டாள். பரீட்சை இருக்கிறதென்று என்னை விட்டுவிட்டுப் போனாள். பரீட்சை முடிந்தும் வரவில்லை. எப்போது வருவாள் என்று கேட்டால், சமைத்துப் போட வந்திருந்த அத்தை இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். பள்ளிவிட்டு வந்தால் பேச ஆளில்லை. அம்மாவின் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கோக்கர்ஸ் வாக் கம்பி வேலியோரம் நின்று கீழே தெரியும் ஊர்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவ்வளவு தனியாக நான் பிறகு எப்போதும் இருந்ததில்லை.

பிலிம் வாங்க வத்தலக்குண்டு போவதாகச் சொல்லிப் போன அப்பா ஒருநாள் இருட்டிய பிறகுதான் வந்தார். மறுநாள் காலை வானம் வெளுத்திருந்தது. வேலியோரம் அம்மாவைப் பார்க்கணும் என்று நச்சரித்துக் கேமராவை வாங்கினேன். வளையத்தை இழுத்ததும் பெரியகுளம் சற்றே கிட்டே வந்தது. வீடுகள் அரிசிமணி அளவுகூட இல்லை. ஆனாலும் ஒரு சிவப்புப் புள்ளி அசைந்தது. அதற்குள் ரப்பர் பட்டை நழுவி, வளையம் சரிந்து, ஊரே விலகிப் போனது.

"அம்மா தெரியுதுப்பா. செவப்புச் சேல."

அப்பா வாங்கிக் கண்ணில் வைத்தார். அந்த நேரம் பார்த்துப் பள்ளத்திலிருந்து மஞ்சு ஏறி எல்லாவற்றையும் மூடிவிட்டது. அவர் கண்ணை எடுக்கவில்லை.

"செவப்பு இல்ல தாயி, நீலம். கொஞ்சம் மெலிஞ்சு போயிருக்கா."

"எப்பப்பா வரும்?"

"அது இதுல தெரியாது தாயி."

மஞ்சுக்குள்ளும் சேலை நிறம் காட்டுகிற லென்ஸ் எங்களுடையது என்று வகுப்பில் பீற்றிக்கொண்டேன். நம்பாதவர்களோடு சண்டையும் போட்டேன்.

அம்மா வரவேயில்லை. பிலிம் வாங்குவதாகச் சொல்லிவிட்டு அந்த முந்தின நாள் அப்பா போனது பெரியகுளத்துக்கு என்பதையும், மாமா வீட்டு வாசலில் நின்று அம்மாவைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தனியாகப் பஸ் ஏறினார் என்பதையும் அத்தை சொன்னபோது எனக்குக் கல்யாணமே ஆகியிருந்தது. மஞ்சு மூடிய அன்றைக்கு எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. அம்மா இவ்வளவு நன்றாகத் தெரியும்போது, அப்பா ஏன் ஒரு படம்கூட எடுக்காமல் நிற்கிறார்?