அம்பலவாணன் அண்ணனுக்கு நேற்று சாயங்காலம் லீவு

நாகஸ்வர வித்வான் அம்பலவாணன் அண்ணன் நேற்று மதியம் இறந்துவிட்டார். திருவாரூர் ஆஸ்பத்திரியில்... நெஞ்சில் சளி கட்டி.

ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு ரேடியோவில் கேட்ட பேர் ஞாபகம் இருக்கும். மற்றவர்களுக்கு, கோயில் மானியத்தை அடமானம் வைத்த வித்வான் என்றால்தான் தெரியும். பேப்பரில் அப்படித்தான் போட்டார்கள்.

எனக்குப் பழக்கம் வைக்கோலால் வந்தது. திருத்துறைப்பூண்டி பக்கம் எங்கள் ஊரில் அவர் நிலத்தைக் குத்தகைக்குச் செய்தவர் காத்தையன். அறுப்பு முடிந்ததும் அவரிடம் வைக்கோல் வாங்கி லாரியில் கேரளாவுக்கு ஏற்றுவேன். அண்ணன் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "வா வைக்கோலு" தான்.

அந்த நிலம் கோயில் மானியம், பதினைந்து மா, ஏக்கர் கணக்கில் ஐந்து. தினமும் சாயங்காலம் சாயரட்சை பூஜைக்கு வாசிக்கும் குடும்பம் அனுபவிக்கலாம். விற்கக் கூடாது, அடமானம் வைக்கக் கூடாது.

பட்டா தாத்தா பேரில் இருந்ததால் சொந்த நிலம் என்றே நினைத்துவிட்டார். பூஜைக்கு ஒரு பங்காளியை வாசிக்கச் சொல்லிவிட்டு இவர் மெட்ராஸ், பம்பாய், கொழும்பு என்று பறந்துகொண்டிருந்தார்.

அப்போதுதான் மன்னார்குடியில் கல்யாண மண்டபம் கட்டக் கிளம்பினார்.

"அண்ணே, மண்டபம் கட்டுறவன் முகூர்த்தத்தன்னிக்குக் கல்லாவுல உக்காரணும். நீங்க அன்னிக்கெல்லாம் எவன் வீட்டுக் கல்யாணத்துலயோ ஊதிக்கிட்டு இருப்பீங்க."

"போடா வைக்கோலு. என் பேரைச் சொன்னா கூட்டம் வரும்."

கூட்டம் வந்தது. வாடகையை மேனேஜர் தின்றான்.

மானியத்தைக் கும்பகோணத்து பைனான்ஸ்காரர் ஒருவரிடம் அடமானம் வைத்துத்தான் மண்டபம் எழும்பியிருந்தது. வட்டி நின்றதும் அவர் ஆட்கள் நிலத்தை அளக்க வந்தார்கள்.

உழுகிறவனை நிலத்தை விட்டு வெளியேற்றக் கூடாது என்று சட்டம் இருந்தது. ஆள் வைத்து வெளியேற்றுகிறவர்களும் இருந்தார்கள். காத்தையன் பயந்துபோய், விவசாயிகள் சங்கத்து ஆட்களோடு கோயில் நிர்வாகத்திடம் மனு கொடுத்துவிட்டார்.

அண்ணன் மேல் மோசடி கேஸ். மாநாட்டு ஊர்வலத்தில் அண்ணனை முன்னால் நிறுத்தி வாசிக்க வைத்த கட்சிக்காரர்கள்... இரண்டு கட்சியும்தான்... போன் செய்தால் வெளியூர் போயிருப்பதாகச் சொன்னார்கள்.

ஜாமீனில் வந்த அன்று நேராகக் களத்துக்கு வந்தார். நான் லாரிக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன்.

"ஏன்டா காத்தையா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"அடமானம் வெக்கிறப்ப நீங்க எங்கிட்ட சொன்னீங்களா? உங்களுக்கு வித்தை இருக்குங்க, எங்க போனாலும் ஊதிப் பொழச்சுக்குவீங்க. எனக்கு இந்த மண்ண விட்டா என்னங்க இருக்கு?"

இரண்டு பேரில் யார் பேசியதும் எனக்குத் தப்பாகப் படவில்லை.

கடைசியில் சமரசம் ஆனது. மண்டபம் பைனான்ஸ்காரருக்குப் போனது. அதற்கு மேலும் கடன் மீதி நின்றது. நிலம் மீண்டது, ஆனால் நிர்வாகம் ஒரு நிபந்தனை போட்டது. இனிமேல் பங்காளி வாசிக்கக் கூடாது. தினமும் அவரே வாசிக்க வேண்டும். நிறுத்தினால் நிலம் போகும், கேஸும் திரும்ப எழும்பும்.

தினமும் பொழுது சாயும்போது ஊரில் இருந்தாக வேண்டியவரை எந்தக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவது? மாப்பிள்ளை அழைப்பே சாயங்காலம்தானே...

சிங்கப்பூரிலிருந்து கச்சேரி பேசத் தாம்பூலத் தட்டோடு வந்தார்கள். அந்த ஒரு டூர் போனால் மீதிக் கடன் மொத்தமும் அடைந்திருக்கும். தட்டைத் தொடவில்லை. "சாயரட்சைக்கு நேரமாச்சுங்க" என்று எழுந்து போய்விட்டார்.

ஒருமுறை அந்தப் பங்காளி இறந்து, துக்கம் கேட்கப் போயிருந்தேன். தீட்டு. காரியம் முடியும்வரை கோயிலுக்குள் நுழைய முடியாது.

"பாத்தியாடா வைக்கோலு? தீட்டு வந்தாத்தான் எனக்கு லீவு. தீட்டுக்காரனக் கல்யாணத்துக்கு எவன்டா கூப்பிடுவான்?"

சிரித்தார். துக்க வீடு என்பதை மறந்து நானும் சிரித்துவிட்டேன்.

அப்புறம் கேஸை எல்லாரும் மறந்தார்கள். அதற்குள் தவில்காரர் வேறு செட்டுக்குப் போயிருந்தார். வீடு குத்தகை நெல்லில் ஓடியது. பல் போய், ஊதுகிற சீவாளி உதட்டில் நிற்காத வயதிலும் சாயரட்சைக்குப் போனார்.

நேற்று சாயங்காலம் கோயில் நடை திறக்கவில்லை. தெருவில் அவர் உடல் இருந்தது.

இன்று காலை நிர்வாகத்து ஆள் வந்து மாலை போட்டார். போட்ட கையோடு மகன் குமாரைத் தனியே கூப்பிட்டார்.

"அடுத்த வாரிசு நீங்கதான் தம்பி. தீட்டு கழிஞ்சதும் வாசிக்க வந்துடுறீங்களா?"

குமாருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. வாசிக்கத் தெரியும். சின்ன வயதிலேயே அண்ணன் அவன் கையில் குழலைக் கொடுத்துவிட்டார்.

வாசலில் காத்தையன் கம்பை ஊன்றிக்கொண்டு நின்றார். குமார் மாட்டேன் என்றால் நிலம் கோயிலுக்குப் போய்க் குத்தகை ஏலத்துக்கு வரும். அது அவருக்கும் தெரியும், குமாருக்கும் தெரியும்.

"சித்தப்பா... நான் என்ன சொல்லட்டும்?" என்று குமார் என்னைக் கேட்டான்.

"நீ அப்பாவத் தூக்குற வேலையப் பாரு. நான் பேசிக்கிறேன்."

நிர்வாகத்து ஆளும் நானும் பந்தலுக்குப் பின்னால் நாற்காலி போட்டுப் பேசினோம். சாவு வீட்டில் பேரம் பேசுகிறான் என்று இரண்டு பேர் முறைத்தார்கள். பேசாமல் விட்டால் தீட்டு கழிந்து பதினேழாம் நாள் குமார் கோயிலில் குழலோடு நிற்க வேண்டியிருக்கும்.

மதியம் எடுத்தோம். போய் வாங்கண்ணே...

பேசி முடித்தது இது: மானியம் வேண்டாம் என்று குமார் எழுதிக்கொடுப்பான். நிலம் கோயிலுக்கு, ஏலம் கிடையாது. சாகுபடி காத்தையன் மகன் பேரில், மாவுக்கு இரண்டு மூட்டை நெல் குத்தகை, பாக்கி விழுந்தால் நான் பொறுப்பு. குமார் ஒரு நாள்கூட வாசிக்க வேண்டியதில்லை.