பேய்ப்படத்தில் காற்றைத் துடைத்தவர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்த மதியம், என் வீட்டு டிவியில் ஒரு பேய் செத்துப்போனது.

பேய் எப்படிச் சாகும் என்கிறீர்களா? டிஸ்க் கம்பெனிக்காரர்கள் மனது வைத்தால் சாகும்.

நான் பேய்ப்படப் பிரியன் என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிற ஆள் நான். எனக்குப் பேய்களோடுதான் சகவாசம் சுலபம் – அவை பதில் எதிர்பார்ப்பதில்லை. இன்னமும் டிஸ்க் பிளேயர் வைத்திருக்கிறேன். சிரிக்காதீர்கள்.

படத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அவர்களுக்கு விளம்பரம். எங்கள் தீவில் எடுத்த படம். அதில் பேய் கண்ணுக்கே தெரியாது. ஒரு குடிசை, சில பனைமரங்கள், இருட்டிக்கொண்டு வரும் கடற்கரை, விடாமல் அடிக்கும் கச்சான் காற்று... அவ்வளவுதான். அந்தக் காற்றுக்குள் தூரத்தில் ஒரு குரல் கேட்கும். "...அம்ம்ம்ம்..." யார்? எங்கிருந்து? தெரியாது. ராமநாதபுரம் தியேட்டரில் அந்த இடத்தில் ஒருவரும் பாப்கார்ன் மெல்லவில்லை.

அப்போது எனக்குப் பக்கத்து சீட்டிலிருந்து பதில் வந்தது.

"இந்தா வாரேன்!"

தியேட்டரே அலறியது.

பதில் சொன்னது எங்கள் பக்கத்து வீட்டு புஷ்பம் அக்கா. பாதி எழுந்தும் விட்டார். அவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார் குரலுக்குச் சொந்தக்காரர் – அவர் கணவர் சூசை அண்ணன்.

"ஏ கிறுக்கச்சி, நான் இங்கனதானடி இருக்கேன்" என்று அவர் சேலையைப் பிடித்து உட்கார வைத்தார். எனக்குச் சிரிப்பை அடக்கி வயிறு வலித்தது.

நடந்தது இதுதான். ஷூட்டிங் அன்று சூசை அண்ணன் நாட்டுப்படகில் கரைக்கு வந்துகொண்டிருந்தார். மீன் இருந்தால் தண்ணீரிலிருந்தே வீட்டம்மாவைக் கூப்பிட்டுவிடுவார்கள், கூடையோடு வந்து நிற்பதற்கு. அவரும் வழக்கம்போலக் கூப்பிட்டார். "ஏ புஷ்பம்... கூடை..." முன்னால் இருந்ததையும் பின்னால் இருந்ததையும் காற்று தின்றுவிட்டது. மிச்சம் இருந்த 'அம்ம்ம்' மைக்கில் விழுந்தது. டைரக்டருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டதாம். அனுமதி கேட்டுப் படத்தில் வைத்துக்கொண்டார். ஊரே பயந்த குரல், மீன் கூடை கேட்ட குரல்!

எத்தனை காற்று அடித்தாலும் எங்கள் கரைப் பெண்களுக்குத் தங்கள் வீட்டு ஆள் கூப்பிடுவது தெரிந்துவிடும். மூளைக்குத் தெரியும் முன்பே கால் எழுந்துவிடும். அக்கா எழுந்ததும் அப்படித்தான்.

அதற்குப் பிறகு சூசை அண்ணன் போய்விட்டார். கடலில் இல்லை. வலையை உதறிக்கொண்டு நின்றவர் மணலில் உட்கார்ந்தார், எழவில்லை.

அவரிடம் இருந்தது பட்டன் போன். பேசினால் போச்சு, எதுவும் தங்காது. "போட்டோ நெறைய இருக்கு தம்பி" என்றார் அக்கா ஒரு நாள். "கல்யாண ஆல்பத்துல இருக்காரு, ஆதார் கார்டுல இருக்காரு. எல்லாத்துலயும் வாயை மூடிக்கிட்டே இருக்காரு."

அதனால்தான் டிஸ்க் வருகிறது என்றதும் முதல் ஆளாக ஆர்டர் போட்டேன். அக்கா திருப்பாலைக்குடியில் கட்டிக்கொடுத்த மகள் ஜெனிபர், கைக்குழந்தையோடு வந்துவிட்டாள். தாத்தா போன பிறகு பிறந்த பிள்ளை. அது அவர் குரலைக் கேட்கவேண்டும் – அக்காவின் ஆசை அதுதான். வேறொன்றும் இல்லை.

அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்: 'இதுவரை காணாத ஒளி, இதுவரை கேட்காத தெளிவு!'

படத்தைப் போட்டேன். முதல் காட்சியிலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருட்டைக் காணோம்! அந்த மூலையில் யாராவது நிற்கிறார்களோ, இல்லையோ என்று நடுங்குவதுதானே படம்? இவர்கள் வெளிச்சத்தை ஏற்றிவிட்டார்கள். மூலையில் நின்றது யார் தெரியுமா? நீல பிளாஸ்டிக் நாற்காலி. ஷூட்டிங்காரர்கள் எடுக்க மறந்தது. பேய் வந்தால் உட்காரட்டும் என்று விட்டுவிட்டார்கள் போல.

முகங்களையாவது விட்டார்களா? உப்புக்காற்றில் வெடித்த முகங்களை எல்லாம் இழைத்து வழித்து, மெழுகு பொம்மை ஆக்கியிருந்தார்கள்.

"அது யாரு, நம்ம ஊர் ஆளுகளா? பவுடர் கம்பெனி விளம்பரம் மாதிரி இருக்காக" என்றாள் ஜெனிபர்.

"பேசாம இரு. இப்ப வந்துரும்" என்றார் அக்கா. குழந்தையை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்துக்கொண்டார்.

பனைமரங்கள் வந்தன. ஓலைகள் தலைவிரித்து ஆடின. சத்தம்? இல்லை. அத்தனை பனையும் ஊமையாக ஆடுகின்றன! அப்போது திரைக்கு அடியில், காது கேளாதவர்களுக்காகப் போடுவார்களே, அந்த எழுத்து ஓடியது. ஜெனிபர் வாய்விட்டுப் படித்தாள்: "தூரத்தில் ஒருவர் அழைக்கிறார்..."

அழைக்கவில்லை.

"சத்தத்தைக் கூட்டு தம்பி."

கூட்டினேன். திரும்ப ஓட்டினேன். எழுத்து வந்தது, குரல் வரவில்லை.

"இன்னும் கூட்டு."

டிவி கடைசி அளவுக்குப் போய்விட்டது. உள்ளே இருந்த மின்சார முணுமுணுப்புதான் கேட்டது. குழந்தை மட்டும் கொட்டாவி விட்டது. அக்கா திரையைக் காட்டிக் கேட்டார்: "காத்தை என்ன பண்ணுனாக?"

நல்ல கேள்வி. நானும் அதைத்தான் கேட்கிறேன். காற்றை என்ன செய்தீர்கள்?

அட்டையில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். பேசவேண்டியதை எல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன். எடுத்த பெண் மிக மரியாதையாகப் பேசினாள். "சார், அது பேக்ரவுண்ட் இரைச்சல் சார். ரிமூவ் பண்ணிட்டோம். இப்ப டயலாக் எல்லாம் கிளியரா கேக்கும் சார்."

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"ஏம்மா, ஒங்க ஊருல மரம் ஆடுனா சத்தம் வராதா?"

"மேடம்... எல்லா சவுண்டையும் சுத்தம் பண்ணித்தான் ரிலீஸ் பண்ணியிருக்கோம் மேடம்."

"சுத்தம் பண்ணுனது போதும் தாயி. அழுக்கோடயே குடுங்க."

"கம்ப்ளைன்ட் எடுத்துக்கறோம் மேடம்" என்றாள் அந்தப் பெண். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. எழுதிக் கொடுத்ததைப் படிக்கிற பிள்ளை. என் கோபம், ஏசி அறையில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கடற்கரையில் காற்று எதற்கு என்று பட்டனை அழுத்தினாரே... அவர் மேல். அதைக் கேட்டுப் பார்க்காமலே சரி என்றாரே, அவர் மேல். கேட்டிருந்தால் தெரிந்திருக்குமே – எழுத்து இருக்கிறது, குரல் இல்லை என்று!

இதே ஆட்கள் நாளைக்கு உங்கள் கல்யாண வீடியோவையும் சுத்தம் செய்வார்கள். பின்னால் இருமிய அப்பா, பந்தியில் சத்தம் போட்ட சித்தப்பா – எல்லாம் இரைச்சல். தாலி கட்டுவது மட்டும் பளிச்சென்று தெரியும். தெளிவு என்றால் இதுதானா? ஒரு பொருள் சுத்தமாக இருக்கிறது என்பதற்கும், காலியாக இருக்கிறது என்பதற்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் கையில் எதற்கு ஐயா இந்த வேலையைக் கொடுக்கிறீர்கள்?

அட்டையில் போட்டது பொய்யில்லை. இதுவரை 'கேட்காத' தெளிவுதான்.

புகாரைப் பதிவு செய்துகொண்டார்களாம். குறுஞ்செய்தி வந்தது. பிரச்சினை என்ற இடத்தில் 'பின்னணி இரைச்சல்' என்று போட்டிருக்கிறார்கள். திருத்திக்கொள்ளுங்கள். அந்த இரைச்சலுக்கு எங்கள் தெருவில் ஒரு பெயர் உண்டு...

சூசை.